என்னைத் தடுக்க அத்தை எழுதிய விதி

ரோசி அத்தை இறந்துவிட்டார் என்று அப்பா வந்து சொன்னபோது நான் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருக்கும் உங்களில் இரண்டு பேராவது அன்று பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்தீர்கள். "அத்தை செத்ததுக்குப் பல்லைக் காட்டுது பாரு" என்று ஒருவர் சொன்னது என் காது வரை வந்தது. காட்டினேன்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

மூன்று நாள் முன்பு அத்தையின் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைத்திருந்தேன். மரக்காணத்தில் இதைவிடச் சுலபமான குறும்பு கிடையாது, ஊரைச் சுற்றி உப்பளம், ஊரே மூலப்பொருள். அத்தை டீயைக் கலக்கி, ஒரு மடக்கு குடித்து, முகம் மாறாமல் முழு டம்ளரையும் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "உனக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன் ஜெனி. தானா வரும்" என்றார். அந்த ஒன்று எப்போது வரும் என்று மூன்று நாளாக நான் மூலைக்கு மூலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால், உப்பளத்து வேலையை விட்டு நேராக, முழங்கால் வரை வெள்ளை பூத்த காலோடு அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து "அத்தை போயிட்டாங்கம்மா" என்றதும், ஆகா, வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "சூப்பர்ப்பா. எத்தனை தடவை ஒத்திகை பாக்க வெச்சாங்க?" என்றுகூடக் கேட்டேன். அப்பாவுக்கு நடிக்க வராது. அது என் நினைவுக்கு வர நாலைந்து நொடி ஆனது. நீங்கள் பார்த்தது அந்த நாலைந்து நொடி.

அத்தையை உங்களுக்கெல்லாம் தெரியும். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தவர். மாதா கோயில் பாட்டுக்குழுவில் குரலே இல்லாமல் கடைசி வரிசையில் வருடக்கணக்காக நின்றவர். அவர் என்ன வேலை பார்த்தார் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவீர்கள். புதுச்சேரியில் உள்ள ஒரு கம்பெனிக்காக, வெளிநாட்டு டாக்டர்கள் வாயில் வடையை வைத்துக்கொண்டு பேசியது போன்ற குரல் பதிவுகளைக் கேட்டு, நோயாளிக் குறிப்புகளாக டைப் செய்வார். பதினைந்து வருடம் செய்தார். இப்போது இயந்திரமே கேட்டு எழுதிவிடுகிறது. அது எழுதிய பிழைகளைத் திருத்துவது அத்தையின் வேலையானது.

என் முதல் கோபம் இங்கேதான். நெஞ்சில் தொடங்கி இடது கைக்குப் பரவும் வலி என்ற வரியை அந்தப் பதினைந்து வருடத்தில் அவர் எத்தனை ஆயிரம் முறை டைப் செய்திருப்பார்? அந்த வலி அவருக்கே வந்த காலையில், பக்கத்து வீட்டாரிடம் "கேஸ்தான். ஒரு சோடா வாங்கியாங்க" என்றாராம். சோடா வந்தது, குடித்தார், ஏப்பமும் விட்டார், "பாத்தியா" என்றும் சொன்னாராம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார்கள். பொம்மையார்பாளையம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஊரில் யாருக்கு நெஞ்சைப் பிடித்தாலும் "சோடா குடிக்காத, ஓடு" என்று விரட்டியவர் இவர். அடுத்தவர் உடம்பில் கண்டுபிடித்ததைத் தன் உடம்பில் கேஸ் என்று மூடிவிட்ட இந்த மனுஷியிடம் இப்போது போய் யார் சண்டை போடுவது?

சண்டை போடுவது எங்களுக்குப் பழக்கம்தான். அவற்றில் பெரிய சண்டை ஒரு ஃபயர்வாலைத் தேர்ந்தெடுக்க நடந்தது. அதைத் தொடங்கி வைத்தது நான். இதுவரை வீட்டுக்கு வெளியே சொன்னதில்லை.

ஒரு மதியம் கொல்லைப்பக்கம் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, என் போனில் இருந்து அத்தையின் பிரிண்டருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். வீட்டில் எல்லாருக்கும் ஒரே வைஃபை, அதனால் தடுக்க ஆளில்லை. கடிதம் இதுதான்: "அம்மா, தினமும் மை குடித்து வயிறு கெட்டுவிட்டது. நாளை முதல் மோர் ஊற்றவும். தவறினால் வேலைநிறுத்தம். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள பிரிண்டர்." உள்ளே பிரிண்டர் கரகரவென்று ஓடியது. தாளை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. கத்தல் இல்லை, செருப்பு பறந்து வரவில்லை. எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

உள்ளே அத்தை என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அந்தத் தாளைப் போட்டோ எடுத்து, "நான் அனுப்பாத ஒரு தாள் என் பிரிண்டரில் வந்துள்ளது. படம் இணைத்துள்ளேன்" என்று கம்பெனிக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் ஏதாவது சந்தேகமாக நடந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று கம்பெனி ஒரு விதி வைத்திருந்ததாம். அந்த விதியை உலகத்திலேயே பின்பற்றிய ஒரே ஆள் எங்கள் அத்தையாகத்தான் இருக்கும். மறுநாள் பதில் வந்தது. நோயாளிகளின் விவரம் சம்பந்தப்பட்ட வேலை என்பதால், வீட்டு நெட்வொர்க் பாதுகாப்பானது என்று காட்டும்வரை அவருக்கு வேலை கிடையாது. நான் கடிதத்தில் எழுதிய வேலைநிறுத்தம் நடந்தேவிட்டது. பிரிண்டருக்கு அல்ல, அத்தைக்கு.

அந்த வேலை போனால் அடுத்தது உப்பளம், இல்லையென்றால் தினமும் புதுச்சேரிக்கு நின்றுகொண்டே பஸ் பயணம். அத்தையின் இடுப்பு இரண்டுக்கும் சம்மதிக்காது. அதனால் கம்பெனி அனுப்பிய படிவத்தை அவர் பைபிளுக்கு அடுத்தபடியாகப் படித்தார். வேலைக் கணினி வீட்டுக் கருவிகளிலிருந்து தனியாக இருக்க வேண்டும்; நடுவில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் அடிப்படையிலான ஒரு ஃபயர்வால் இருக்க வேண்டும்; அதன் விதிகளை வீடியோ காலில் திறந்து காட்ட வேண்டும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஃபயர்வால் என்பது வெளியே இருந்து வரும் இணைய ஒயருக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் யாரிடம் போகலாம், யார் போகக்கூடாது என்று ஆளை நிறுத்தி அனுப்புகிற பெட்டி. வீட்டில் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆக, திருடியிடமே பூட்டு வாங்கித் தரச் சொன்னார்கள்.

நான் இரண்டு நாள் தேடி, எல்லாப் பட்டியலிலும் முதலில் வந்த ஒன்றைக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் படித்தார்.

"இது லினக்ஸ் இல்லையேடி. பிஎஸ்டின்னு போட்டிருக்குது."

"ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி அத்தை. வேலை ஒண்ணுதான்."

"அண்ணனைக் கேட்டா தம்பியை அனுப்புவியா?"

"இதைவிட நல்லது எதுவும் இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க!"

"நல்லதா இருக்கட்டும். அவங்க கேட்டது இது இல்ல. வேற ஒண்ணைக் குடுத்துட்டு அதான் இதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

இதைச் சரிபார்க்கப்போகும் கம்பெனி டீம் லீடருக்கு வித்தியாசமே தெரியாது என்றேன். "எனக்குத் தெரிஞ்சு போச்சே" என்றார். நாலு நாள் இதிலேயே போனது. கம்பெனியே கவலைப்படாத ஒரு வார்த்தைக்காக வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை.

கடைசியில் ஐபிஃபயர் என்ற லினக்ஸ் ஃபயர்வாலுக்கு ஒத்துக்கொண்டார். அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். உப்பு லாரி எடை போடும் ஆபீஸில் தூக்கிப் போட்டிருந்த பழைய பெட்டியை அப்பா தலையில் சுமந்து வந்தார். அதில் ஒயர் சொருக இரண்டு ஓட்டை. அந்த ஃபயர்வாலில் எல்லாம் வண்ணக் கணக்கு: வெளியே இருக்கும் இணையம் சிவப்பு, உள்ளே இருக்கும் பத்திரமான பக்கம் பச்சை. அத்தைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பழைய புடவையில் சிவப்புத் துண்டு ஒன்று, பாவாடையில் பச்சைத் துண்டு ஒன்று கிழித்து இரண்டு ஒயரிலும் கட்டினார். "மேல் ஓட்டை உள்ளே, கீழ் ஓட்டை வெளியே" என்று அப்பாவுக்கும் எனக்கும் மூன்று முறை சொல்லிக் கொடுத்தார். விதிகளை அவரே படித்து அவரே எழுதினார். நான் குறுக்கே பேசினால், "நீ சொல்றது சரியா இருக்கும். ஆனா உடைஞ்சா ஒட்டப்போறது நான்தானே" என்பார். எல்லாம் ஓடியது. வீடியோ காலுக்கு நாள் குறித்தார்கள்.

அன்று காலையில் இடி. எங்கள் பக்கத்தில் இடி சத்தம் கேட்டால் முதல் வேலை, வீட்டில் இருக்கும் எல்லா ஒயரையும் பிடுங்குவது. டிவி, ஃபிரிட்ஜ், நெட் எல்லாம். அப்பா பாய்ந்து வந்து பிடுங்கினார். மழை விட்டதும் பொறுப்பாகத் திரும்பச் சொருகினார். வீடியோ காலுக்கு இன்னும் பத்து நிமிடம். இணையம் வரவில்லை. நான் ஆஃப் செய்து ஆன் செய்தேன், தட்டினேன், திட்டினேன். அத்தை ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். காலுக்குக் குறித்த நேரம் போய்விட்டது. டீம் லீடர் போனில் அழைத்து, அடுத்த செவ்வாய் கடைசி வாய்ப்பு, அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார்.

பிறகுதான் பின்னால் குனிந்து பார்த்தேன். சிவப்புத் துணி மேல் ஓட்டையில், பச்சைத் துணி கீழ் ஓட்டையில். தலைகீழ்.

"ஏம்பா! சேப்பு வெளியப்பா! எத்தனை தடவை சொன்னாங்க!" என்று கத்தினேன்.

அப்பா விழித்தார். "சேப்புத் துணின்னா ரெடின்னுதானேம்மா அர்த்தம்? ரெடியா இருக்கறது நம்ம வீட்டுக்குள்ளதானே வரணும்?"

எனக்குப் புரிய நேரமானது. அப்பா வேலை செய்யும் அளத்தில், உப்பு விளைந்து வாருவதற்குத் தயாரான பாத்தியில் மேஸ்திரி ஒரு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுவார்: வா, இறங்கு, வாரிக்கொள். பச்சைத் துணி என்றால் இன்னும் விளையவில்லை, கால் வைக்காதே. இருபது வருடமாக அப்பாவின் கண்ணில் ஊறிய வண்ணம் அது. ஃபயர்வால் எழுதிய ஆட்களுக்கு எங்கள் மேஸ்திரியைத் தெரியாது. அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

"சரி, துணியை மாத்திக் கட்டிடலாம். முடிஞ்சுது" என்றேன்.

"ஸ்க்ரீன்ல ஒரு கலரு, ஒயர்ல வேற கலரு. அவசரத்துல எனக்கு எது ஞாபகம் வரும்? வேற பாரு" என்றார் அத்தை.

"வேறயா? அத்தை, மூணு வாரம் ஆச்சு! அப்பாவை மறக்காம இருக்கச் சொல்லுங்க!"

"அவன் மறக்கலைடி. நல்லா ஞாபகம் வெச்சிருந்ததாலதான் இப்படி ஆச்சு. இந்தப் பெட்டிக்காக என் தம்பியைப் புதுசா பழக்க முடியாது. அவன் இருக்கற வீட்டுக்குத்தான் பெட்டி வேணும்."

பெட்டியாவது நல்ல நிலையில் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. துடைத்து எடுத்து வைக்கலாம் என்று மூடியைக் கழற்றினால் உள்ளே விசிறி முழுக்க வெள்ளை. எங்கள் காற்றில் இருக்கும் உப்பையெல்லாம் உறிஞ்சி உறிஞ்சி, அத்தனை தகட்டின் மேலும் பூசி வைத்திருந்தது அந்த விசிறி. திருகாணி எல்லாம் துரு. எடை ஆபீஸில் ஏன் தூக்கிப் போட்டார்கள் என்று கேட்கும் அறிவு எங்கள் மூவரில் ஒருவருக்கும் இருந்திருக்கவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கு ஆறு நாள் இருந்தது, கையில் ஒன்றும் இல்லை. அழுதுகொண்டே சொன்னேன்: "அந்த லெட்டரை அனுப்புனது நான்தான் அத்தை. நானே உங்க டீம் லீடர்கிட்ட சொல்லிடறேன். இந்தப் பெட்டியெல்லாம் வேணாம்."

அத்தை திருகாணியைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பேப்பர் வெளிய வர்றதுக்கு முன்னாடியே ஜன்னலுக்குக் கீழ இருந்து சிரிப்பு வந்துச்சு. பிரிண்டரா சிரிக்கும்?"

"தெரிஞ்சுமா கம்பெனிக்கு மெயில் போட்டீங்க!"

"நான் அனுப்பாத பேப்பர் வந்துச்சா இல்லையா? வந்துச்சு. வந்ததைச் சொன்னேன். நீன்னு சொன்னேனா? சொல்லலை. இன்னிக்கு நீ மோர் கேட்டே. நாளைக்கு வேற எவனாவது வந்து என் நோயாளிங்க பேரைக் கேட்டா? வழி திறந்திருக்குன்னு நீ காட்டிக் குடுத்தே. அவ்ளோதான்."

நோயாளிகளின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு கிழவரின் மூலநோய்க் குறிப்பு. அவர்களை "என் நோயாளிங்க" என்றார். அதைக் கேட்டு எனக்கு மரியாதை வந்தது என்று எழுதினால் பூசைக்குப் பொருத்தமாக இருக்கும். அன்று வந்தது எரிச்சல்தான். தெரிந்தே மூன்று வாரம் என்னைக் குற்ற உணர்ச்சியில் வறுத்தெடுத்திருக்கிறார் அல்லவா?

மறுநாள் இருவரும் பஸ் ஏறிக் கூனிமேடு போனோம். அங்கே பழைய ரவுட்டர், சார்ஜர், போன் எல்லாம் விற்கும் ஒரு பாய் இருக்கிறார். ஓப்பன்டபிள்யூஆர்டி என்று இன்னொரு மென்பொருள் உண்டு, அதுவும் லினக்ஸ்தான். சின்ன ரவுட்டருக்குள்ளேயே போட்டு அதை ஃபயர்வாலாக மாற்றிவிடலாம். எந்த மாடல் ரவுட்டர் தோதாக இருக்கும் என்று நான் தாளில் எழுதி வைத்திருந்தேன். அத்தை அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை.

"பாய், இதுல ஃபேன் இருக்குதா?"

"இல்லக்கா, வெறும் டப்பாதான். இன்ஷா அல்லா அஞ்சு வருஷம் ஓடும்."

"அஞ்சு வருஷம் வேணாம் பாய். வர்ற செவ்வாக்கிழமை ஓடுனா போதும்."

"செவ்வாக்கிழமை என்னக்கா விசேஷம்?"

"இவளுக்குப் பரீட்சை" என்று என்னைக் காட்டினார். பாய் என்னைப் பார்த்து, "நல்லா எழுதும்மா" என்று துவா செய்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வாங்கி வந்த ரவுட்டரில் அந்த மென்பொருளைப் போட்டது ஒரு தனிக் கொடுமை. முதல் முறை ரவுட்டர் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது, எழுந்திருக்கவே இல்லை. அத்தையின் ஜாக்கெட்டில் இருந்த ஊக்கைக் கழற்றி ரீசெட் ஓட்டையில் குத்திப் பிடித்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி, மறுபடி, மறுபடி. ஐந்தாவது முறை எழுந்தது. அதில் வண்ணம் கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் நாமே பேர் வைத்துக்கொள்ளலாம். அத்தை கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பேராக அடித்தார். வெளி. வேலை. வீடு. பிரிண்டருக்கென்று தனியாக ஒன்று, அச்சு. வெளியிலிருந்து யாரும் எதற்குள்ளும் வரக்கூடாது. வீட்டிலிருந்து வேலைக்குள் போகக்கூடாது. வேலையிலிருந்து அச்சுக்குப் போகவே கூடாது, நோயாளி விவரம் தாளில் வரக்கூடாது என்பதற்காக. வீட்டிலிருந்து அச்சுக்கு மட்டும் போகலாம், என் பள்ளிக்கூட பிராஜெக்ட் எல்லாம் இருக்கிறதே. அதே பேர்களைத் தாளில் தமிழில் எழுதி ஒவ்வொரு ஒயரிலும், ஓட்டையிலும் ஒட்டினார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, எல்லா ஒயரையும் பிடுங்கி அவர் முன்னால் போட்டார்.

"இடி இடிச்சு முடிஞ்சுதுன்னு வெச்சுக்க. சொருகு."

அப்பா ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துச் சொருகினார். வெளி வெளியில். வேலை வேலையில். ஒரு தப்பும் இல்லை. "இதை மொதல்லயே எழுதி ஒட்டியிருந்தா நான் ஏன்க்கா மாத்தப் போறேன்?" என்று கேட்டார். நான் கொல்லைப்பக்கம் போய்க் கோபம் தீர ஒரு முருங்கைக் கிளையை ஒடித்தேன்.

செவ்வாய்க்கிழமை இடி இல்லை. வீடியோ கால் நடக்கும்போது அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பதால் என்னை வெளியே நிறுத்தினார்கள். கதவில் காதை வைத்தேன். டீம் லீடர் பேசுவது அத்தையின் ஹெட்போனுக்குள் போய்விட்டது. அத்தையின் பதில்கள் மட்டும் கேட்டன. "ஆமா சார், லினக்ஸ்தான்." "அது எங்க வீட்டுல வெச்ச பேரு சார்." "ஆமா, வீட்டு ஆள்தான் அனுப்பிச்சது. பேர் எழுத உங்க ஃபாரத்துல கட்டம் இல்லையே சார்." கடைசியாக, "அதுவா? அது தேவைப்படாதுன்னு நெனைக்கிறேன் சார். தேவைப்பட்டா ஆன் பண்ணிக்குவேன்" என்றார். எது என்று எனக்குப் புரியவில்லை. கதவைத் திறந்து வந்தவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அடுப்படிக்குப் போய் டீ போட்டு, எனக்கும் ஒரு டம்ளர் வைத்துவிட்டு, "நாளையில இருந்து சத்தம் போடாத. எனக்கு வேலை இருக்குது" என்றார்.

அப்படி நாலு மாதம் வேலை செய்தார். அந்த நாலு மாதமும் என் போன் அந்தப் பிரிண்டருக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. இத்தனை பாடுபட்டு வைத்த ஃபயர்வால், யாருக்காக வைத்தாரோ அவளையே தடுக்கவில்லை என்று என் தோழிகளிடம் பெருமையடித்தேன். "எங்க அத்தைக்கு என்னைத் தடுக்கத் தெரியலை" என்றேன். இருந்தும் பிரிண்டரில் மறுபடி விளையாடவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. சர்க்கரை டப்பா பக்கம் போனேன்.

அத்தை போன ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. வருத்தம் இரண்டு வரி. அதன்பின், லேப்டாப்பைத் திருப்பி அனுப்பவும், நெட்வொர்க்கில் வேலைக்கான பகுதியை நீக்கிவிட்டுத் தெரிவிக்கவும் என்று. அத்தை பூர்த்தி செய்த படிவத்தையும் இணைத்திருந்தார்கள். கீழே ஒரு கேள்வி: நீங்கள் இல்லாதபோது இந்த ஃபயர்வாலுக்குப் பொறுப்பாளர் யார்? அதில் அத்தை என் பேரை எழுதியிருந்தார். உறவு என்ற கட்டத்தில் "தம்பி மகள்". அனுபவம் என்ற கட்டத்தில் "உண்டு".

பாஸ்வேர்டு, மேசை டிராயரில் என் பேர் எழுதிய கவரில் இருந்தது. உள்ளே போனேன். அவர் எழுதிய விதிகள் வரிசையாக வந்தன. வீட்டிலிருந்து அச்சுக்குப் போகலாம் என்ற விதிக்கு மேலே இன்னொன்று இருந்தது. அதன் பேர் "ஜெனி". என் போனின் அடையாள எண்ணைச் சரியாகக் குறித்து, இந்தப் போன் அச்சுக்குப் போகக்கூடாது, நிறுத்து என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அதை இயக்க ஒரு டிக் கட்டம் உண்டு. மற்ற எல்லா விதிக்கும் டிக் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

டீம் லீடர் அன்று கேட்டது இதைத்தான்.

தடுக்கத் தெரியாத அத்தையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "உன்னை நிறுத்த முடியும், நிறுத்தலை" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால், அந்தச் சர்க்கரை டப்பாவையாவது விட்டிருப்பேன். கடைசியாக என்னால் அவர் குடித்தது உப்பு டீ. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பதில் சொல்ல வேண்டியவர் பொம்மையார்பாளையத்துக்கு முன்பே இறங்கிவிட்டார்.

நேற்று மறுபடி உட்கார்ந்தேன். வேலைக்கான பகுதியை நீக்கினேன். கம்பெனி கேட்டது அவ்வளவுதான். மற்றது எங்கள் வீட்டுடையது. பிறகு "ஜெனி" என்ற விதிக்கு ஒரு டிக் போட்டு, சேமித்து, என் போனிலிருந்து இந்தக் கட்டுரையை பிரிண்டருக்கு அனுப்பிப் பார்த்தேன். போகவில்லை. திரும்ப அனுப்பினேன். போகவில்லை. குறுக்கு வழிகள் எனக்குத் தெரிந்தவை மூன்று, மூன்றும் போகவில்லை. எங்கள் அத்தை ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தார்.

அப்புறம் டிக்கை எடுத்துவிட்டேன். அது அப்படியே இருக்கும். என்னிடம் இருக்கிற அத்தை அதுதான். உங்கள் கையில் இருக்கும் இந்தத் தாள் அந்த வழியாக வந்தது.